தொடக்கத்தில் மட்டும்

மன்னாரில் படிப்பித்த றெஜினா, தொண்ணூறுகளில் கனடாவில் பிரெஞ்சு பேசும் மொன்றியலில் ஒரு பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்தாள். புதிதாகச் சேர்ந்த தமிழ்க் குழந்தை அனோஜா அழுதபோது தமிழில் தேற்றினாள். தொடக்கத்தில் தமிழ் பரவாயில்லை, பிறகு பிரெஞ்சு மட்டும் என்றாள் காப்பகத் தலைவி. றெஜினாவுக்கு அது அன்பாகவே பட்டது.

குளிர்காலத்தில் அவள் போன ஆசிரியர் பயிற்சி மாலை வகுப்பில், வெள்ளைக்காரர் காலத்து நியூசிலாந்தில் மாவோரிப் பழங்குடிப் பிள்ளைகளுக்கான பள்ளி விதிகளைப் படித்தார்கள். சின்ன வகுப்பில் ஆசிரியர் மாவோரி பேசலாம், ஆங்கிலத்தை விளக்க மட்டும்; பிறகு எல்லாம் ஆங்கிலம்தான். அந்த ஊருக்கு அக்கறையாக மருந்து கொடுப்பதும் அதே ஆசிரியர்தான்.

"இது அன்போ, மொழியைப் பறிக்கிறதோ? எனக்கு விளங்கேல்லை," என்றாள் கணவன் யோசெப்பிடம்.

"அனோஜா எப்பிடி இருக்கிறாள்?"

"சந்தோசமாத்தான். இப்ப என்னோடையும் பிரெஞ்சுதான் கதைக்கிறாள்."

மறுநாள் அனோஜா "போன்ஜூர்" என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்லி ஓடிவந்தாள். எந்த மொழியில் பதில் சொல்வதென்று தெரியாமல் றெஜினா அவளைத் தூக்கிக்கொண்டாள்.