மூன்றாம் வாய்மை

புத்தரின் மொழிகள் ஏட்டில் ஏறுமுன் துறவியர் கூடி ஓதியே அவற்றைக் காத்தனர். ஒருவர் தவறினால் மற்றவர் திருத்துவர். அவ்வழக்கம் என் இல்லத்திலும் நிகழ்ந்தமையால் இதனை எழுதுகிறேன்.

என் மனைவி மறைந்தபின், செகந்திராபாத் இல்லத்தில் பௌத்த அறிமுகவுரை ஒன்றை உரக்கப் பயின்றேன். முன்பெல்லாம் அடுக்களையிலிருந்தே அவள் திருத்துவாள்.

“வாய்மைகள் நான்கு. துன்பம் உண்டு, ஆசை அதன் காரணம், எண்வகை நெறி அதனை நீக்கும் வழி” என்றேன்.

“நக்கோ, நக்கோ! மூணாவதை முழுங்கிட்டீங்களே!”

அவள் குரல். ‘வேண்டாம்’ என மறுக்க, அவ்வூர் உருதுவின் ‘நக்கோ’தான் அவள் வாயில் வரும். எழுந்து அடுக்களைக்குச் சென்றேன். எவருமில்லை. நான் மூட்டாத அடுப்பு வெதுவெதுப்பாயிருந்தது.

“துன்பத்துக்கு முடிவு உண்டு” என்று, விட்ட வாய்மையை அங்கேயே நின்று ஓதினேன்.

அதன்பின் அக்குரல் எழவில்லை. இதில் பிழையிருப்பின், படிப்பவர்களே, இனி நீங்கள்தாம் திருத்த வேண்டும்.