தம்பியின் பணம் என் தொண்டையில்

என் தம்பியின் சம்பாத்தியத்தில் பெரும்பகுதி இப்போது என் தொண்டையில் இருக்கிறது. பன்னிரண்டு ஆங்கில வார்த்தைகள். அவற்றை வரிசை மாறாமல் நான் சொன்னால் அவனுக்குப் பணம் உண்டு, சொல்லாவிட்டால் இல்லை. இன்றுவரை சொல்லவில்லை.

அவன் எனக்கு ஒரே தம்பி. கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய உத்தியோகம். நான் பாட்டு வாத்தியார். அம்மா இருந்த காலத்தில், மயிலாப்பூரில் அப்பா கட்டிய வீட்டுக் கூடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்துகொண்டு, இனிமேல் பணம் என்பதே வேறு மாதிரி ஆகப்போகிறது என்று எங்களுக்குப் பாடம் எடுத்தான். நோட்டு இல்லை, நாணயம் இல்லை, எல்லாம் கம்ப்யூட்டருக்குள் ஓடுகிற காசு. அம்மா அவரைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பேங்க்கே வேண்டாம்மா. மேனேஜர் கிடையாது, கையெழுத்து கிடையாது, சாட்சி கிடையாது. நாமினின்னு யாரும் வந்து நிக்க முடியாது. பன்னெண்டு வார்த்தைதான் சாவி. அது யாருக்குத் தெரியறதோ, பணம் அவாளோடது."

"மறந்து போயிடுத்துன்னா?" என்று அம்மா கேட்டாள்.

"போனது போனதுதான். எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் எடுக்க முடியாது." இதை அவன் பெருமையாகச் சொன்னான்.

அந்த வார்த்தைகளை ஒரு காகிதத்தில் எழுதி, கூடத்துச் சுவர் அலமாரியின் மேல்தட்டுக்கு அடியில் ஒட்டி வைத்தான். காகிதத்துக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று ஒரு பயம். அதனால் என்னை மனப்பாடம் செய்யச் சொன்னான். என் நேர்மையை நம்பி அல்ல. ஆன்லைனில் ஒரு ரயில் டிக்கெட் எடுக்கத் தெரியாதவள், இதை வைத்துக்கொண்டு என்ன செய்துவிடப் போகிறாள் என்கிற தைரியம். அதை அவன் மறைக்கக்கூட இல்லை, என் முன்னாலேயே மனைவியிடம் சொல்லிச் சிரித்தான்.

வார்த்தைகளுக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. ஒரு மிருகம், ஒரு சமையலறைச் சாமான், ஒரு கோபம், இப்படி. எவை என்று இங்கே எழுத மாட்டேன், அவன் இதைப் படித்தாலும் படிப்பான். வெறுமே மனப்பாடம் செய்தால் எனக்கு நிற்காது. அதனால் மலஹரி ராகத்தில் மெட்டுப் போட்டேன். ரூபக தாளம், ஆறாறு எண்ணிக்கையாக இரண்டு ஆவர்த்தனம், எண்ணிக்கைக்கு ஒரு வார்த்தை. கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. பாட ஆரம்பிக்கிற குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற முதல் கீதம் மாதிரி இருக்கும். சின்ன வயதில் அந்த முதல் கீதத்தோடு பாட்டை விட்டுவிட்டு ஓடியவன் என் தம்பி.

அம்மா போனபிறகு வீட்டைப் பற்றிய பேச்சு வந்தது. என் கணவர் அதற்கு முன்பே போய்விட்டார், எனக்குக் குழந்தை இல்லை. தம்பி ஒரு விடுதலைப் பத்திரத்தைத் தயார் செய்து, ரிஜிஸ்டர் ஆபீசுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனான். வீட்டில் எனக்குள்ள பாத்தியதையை விட்டுக்கொடுக்கிறேன் என்று அதில் எழுதியிருந்தது. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நான் தயங்கினேன்.

"எங்க போயிடப் போறது அக்கா? எங்கிட்டதானே இருக்கு. உனக்கு எப்ப வேணுமோ வா," என்றான்.

போட்டேன் கையெழுத்து. கட்டைவிரலையும் கருவியில் வைத்து அழுத்தினேன். அதன்பின் சில மாதங்களில் வீடு இடிபட்டது. பில்டரோடு சேர்ந்து அடுக்குமாடி எழுப்பினான். நான் அடையாற்றில் ஓர் அறையும் சமையலறையுமாக வாடகைக்குப் போனேன். மாடியில் எனக்கென்று ஒரு போர்ஷன் என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தவன், அதற்குப்பின் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நான் ஏமாந்தேன், அதிலொன்றும் சந்தேகமில்லை. ஆனால் அதற்காகக்கூட நான் அவனைக் கருவவில்லை. கருவியது கனுப் பொங்கலன்று.

கனுவன்று காலையில் எங்கள் பக்கத்துப் பெண்கள் கூடப்பிறந்தவர்கள் நன்றாக இருக்கவேண்டும் என்று மொட்டைமாடியில் மஞ்சள் இலை போட்டுக் காக்கைக்குக் கலர் சாதப் பிடி வைப்போம். தம்பியோ அண்ணாவோ கூப்பிட்டுச் சாப்பாடு போட்டுக் கையில் பணம் கொடுப்பார்கள். பணம் பெரிதில்லை, கூப்பிடுவதுதான். அந்த வருஷமும் அவனுக்காகப் பிடி வைத்துவிட்டு, தேங்காய் சாதமும் எலுமிச்சை சாதமும் கலந்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறி மயிலாப்பூர் போனேன்.

கேட்டில் காவலாளி நிறுத்தினார். "யாரைப் பாக்கணும்மா?" என்று கேட்டு, செல்போனில் என்னை ஒரு போட்டோ எடுத்தார். "சார் போனுக்குப் போயிருக்கு. அவர் ஓகே குடுத்தாதான் உள்ள விடணும். கொஞ்சம் நில்லு."

நின்றேன். நான் சைக்கிள் பழகிய வாசல் அது. டிபன் கேரியர் கனத்தது, வெயிலும் ஏறியது. காவலாளி செல்போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி செல்போனைப் பார்த்தார்.

"வேணாம்னு வந்துகீதும்மா. நா இன்னா பண்றது, சொல்லு."

அப்போது என் கைப்பையில் செல்போன் சிணுங்கியது. ஐநூற்று ஒரு ரூபாய் வந்திருந்தது. கூடவே, 'கனு' என்று ஒரு வார்த்தையும் கைகூப்புகிற படமும். நான் கேட்டில் நிற்கிற போட்டோவைப் பார்த்துவிட்டு, மாடியில் உட்கார்ந்தபடியே அவன் எனக்குச் சீர் அனுப்பியிருக்கிறான். எனக்குக் கண்ணீர் வரவில்லை. உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கேரியரைக் காவலாளியிடம் கொடுத்துச் சாப்பிடச் சொல்லிவிட்டுத் திரும்பினேன். பஸ்ஸில் வரும்போது, என்னையறியாமல் வாய் அந்த மலஹரியை முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

அதன்பின் கோட்டூர்புரம் நூலகத்துக்குப் போக ஆரம்பித்தேன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து இந்தக் காசைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். முதலில் ஒன்றும் விளங்கவில்லை, பிறகு விளங்கியது. தம்பி அன்றைக்குச் சொன்னது எல்லாம் நிஜம். அந்த வார்த்தைகளை வேறொரு செல்போனில் தட்டினால் போதும், பணத்தை யார் வேண்டுமானாலும் நகர்த்தலாம். பணம் எவ்வளவு கிடக்கிறது என்பதை, கணக்கு நம்பர் மாதிரியான அதன் முகவரி தெரிந்த எவரும் பார்க்கலாம். அவன் ஒரு காலத்தில் ஜம்பமாக எனக்கு அனுப்பிய முகவரி என் செல்போனில் அப்படியே இருந்தது. தட்டிப் பார்த்தேன். தி.நகரில் இரண்டு ஃபிளாட் வாங்குகிற பணம் கொட்டிக் கிடந்தது.

இந்த வார்த்தைகளைக் கேட்டு என்றாவது அவன் வருவான் என்று காத்திருந்தேன். வந்தான். அந்தக் காசைத் திறந்துகொண்டிருந்த அவன் செல்போன் ஒரு நாள் ஆட்டோவில் போய்விட்டது. பதறிக்கொண்டு காகிதத்தைத் தேடும்போதுதான், அது ஒட்டியிருந்த அலமாரியைச் சுவரோடு சேர்த்துப் பில்டரின் ஆட்கள் இடித்து லாரியில் ஏற்றியது ஞாபகம் வந்திருக்கிறது. இடிக்கிற அவசரத்தில் சுத்தமாக மறந்திருக்கிறான். மிச்சம் நான்தான்.

மனைவியோடு வந்தான். பட்டுப் புடவை, இனிப்பு, பழம். என் அறைக்குள் அவர்கள் காலெடுத்து வைத்தது அதுதான் முதல் தடவை.

"அக்கா, நீங்க பாட்டா போட்டு வெச்சிண்டிருக்கேள்னு இவர் சொன்னார். ஒரு தடவை பாடுங்கோளேன்," என்றாள் அவள். தம்பி புதுச் செல்போனில் ரெக்கார்டரைப் போட்டு என் முன்னால் வைத்தான்.

சம்மணம் போட்டு உட்கார்ந்து, தாளம் போட்டுப் பாடினேன். வார்த்தை இல்லாமல், வெறும் அகாரத்தில். மெதுவாகவும் வேகமாகவும் இரண்டு காலத்திலும் பாடினேன். தம்பி கண்ணை மூடிக்கொண்டு, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, அதற்குள்ளிருந்து வார்த்தையை எடுத்துவிட முடியுமா என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"வார்த்தையோட பாடு அக்கா."

"வார்த்தை எங்கடா போயிடப் போறது? எங்கிட்டதானே இருக்கு. உனக்கு எப்ப வேணுமோ வா."

அவனுக்குப் புரிந்துவிட்டது. முகம் வெளுத்தது. அவன் மனைவி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். போலீசுக்குப் போவேன் என்றான். போயேன், அக்கா பாட மாட்டேங்கறாள்னு எழுதிக் குடு என்றேன். அதற்குப்பின் இறங்கி வந்தான். பாதிப் பணம் தருகிறேன் என்றான். மூன்றாம் மாடி ஃபிளாட்டை உன் பேருக்கு எழுதுகிறேன் என்றான்.

எழுதித் தந்தால் வாங்கிக்கொள்வேனா? வாங்கிக்கொள்வேனோ என்னவோ. ஆனால் இப்போது இல்லை. கேரியரும் கையுமாக நான் வெயிலில் நின்ற மாதிரி அவனும் கொஞ்ச காலம் நிற்கட்டும். அந்தப் பணத்தை நானே எடுத்துக்கொள்ளலாம், வழி தெரியும். எடுத்தால் அது என் திருட்டாகிவிடும், அவனுக்குத் திட்டுவதற்கு ஒரு காரணம் கிடைத்துவிடும். அது அங்கேயே இருக்கட்டும். தினமும் அவன் அந்த முகவரியைத் தட்டிப் பார்க்கிறான் என்று அவன் மனைவி சொன்னாள். நானும் பார்க்கிறேன். ஒரு பைசா குறையவில்லை.

இந்தப் புதுக் காசு உலகத்தை எப்படி மாற்றும் என்று பத்திரிகைகளில் நிறைய எழுதுகிறார்கள். அதெல்லாம் எனக்குத் தெரியாது. என் தம்பியை எப்படி மாற்றியது என்று தெரியும். போன வருஷம் எனக்குக் கண் ஆபரேஷன் ஆனபோது ஒரு போன் செய்யாதவன், இப்போது பாதாம் பருப்பு அனுப்புகிறான். ஞாபகசக்திக்கு நல்லது என்று வல்லாரை மாத்திரை அனுப்புகிறான். எனக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு என்பது அவனுக்கு இப்போதுதான் உறைத்திருக்கிறது. போன மாதம் லீவு போட்டுவிட்டு வந்து, என்னை அடையாற்றிலேயே ஒரு கிளினிக்குக்கு அழைத்துப் போய் முழுப் பரிசோதனை செய்வித்தான். என் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். மறதிக்கு ஏதாவது டெஸ்ட் உண்டா என்று டாக்டரிடம் இரண்டு முறை கேட்டான்.

"இந்தக் காலத்துல இப்படி ஒரு தம்பி கிடைக்கிறது அபூர்வம்மா," என்றார் அந்த டாக்டர்.

ஆமாம் என்றேன்.

தினமும் காலை எட்டு மணிக்குக் கூப்பிடுகிறான். "தூங்கினியா அக்கா, சாப்டியா அக்கா" என்று குழைகிறான். இந்தக் குரலில் அன்றைக்குக் கேட்டில் நின்றவளை உள்ளே வா என்று ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால், பன்னிரண்டையும் நானே எழுதி அவன் சட்டைப்பையில் வைத்திருப்பேன். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

கடைசியாகக் கேட்பான்: "மாத்திரை போட்டுண்டியோ?"

மாத்திரையை ஆறு மணிக்கே காபிக்கு முன்னால் போட்டுக்கொண்டிருப்பேன். ஒரு நாளும் தவறியதில்லை.

"இல்லடா," என்பேன். "மறந்தே போயிடுத்து."

அந்தப் பக்கம் அவனுக்கு மூச்சு நிற்பது எனக்குக் கேட்கும். போனை வைத்துவிட்டு, காபி டம்ளரைக் கழுவிக்கொண்டே மலஹரியை வார்த்தையோடு, வரிசை மாறாமல் ஒரு தடவை பாடி முடிப்பேன்.