மக்காச்சோளத்துக்குப் பூசிய திருநீறு

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடமாக யோசித்துக்கொண்டே இருந்தேன். சாமி குத்தம் என்பார்களோ, சிரிப்பார்களோ என்று பயம். முருகன் துணையிருக்க இன்று எழுதிவிடுகிறேன்.

ஆமத்தூர்ப் பக்கம் எங்களுக்கு ஒரு துண்டு மானாவாரி நிலம். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஒரு மழைக்காலத்தில் மக்காச்சோளம் போட்டிருந்தோம். என் வீட்டுக்காரிக்குப் பட்டாசுக் கம்பெனியில் மருந்துத் தூசி பட்டுப் பட்டு மூச்சிழுப்பு வந்துவிட்டது. தீபாவளிக்கு மூடிய கம்பெனி திறப்பதற்குள் சோளம் தேறும் என்று தெரிந்துவிட்டால், இனி அவள் கம்பெனி வேனில் ஏறவேண்டாம் என்று பேசியிருந்தோம். பயிரோ பாதையோரம் கருகருவென்றும், மேற்கு ஓரம் வெளிறியும் நின்றது.

விவசாயக் கல்லூரியில் படிக்கும் ஒரு பெண், கருவியோடு வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தாள். பயிருக்கு மேலே பிடித்தால் அது வெளிச்சம் அடிக்கும். இலை திருப்பி அனுப்பும் வெளிச்சத்தை வைத்து, பயிரின் தெம்பை எண்ணாகக் காட்டும்.

ஊர்க்கண் படாமலிருக்கப் பயிருக்குச் சாம்பல் தூவுவது எங்கள் வழக்கம். மனுசக் கண்ணுக்கே தூவுகிறோம், இது மிஷின் கண்ணாயிற்றே! விடியற்காலைப் பனி ஈரத்தில், அடுப்புச் சாம்பலோடு கோயில் திருநீற்றைக் கலந்து, செழித்திருந்த பாதையோர வரிசைகளுக்கெல்லாம் தூவிவிட்டேன்.

அந்தப் பெண் பாதையோர வரிசைகளுக்கு மேலே கருவியைப் பிடித்து, அதில் தெரிந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நடந்து வந்தாள்.

"இங்கன ரொம்பக் கொறச்சலா காட்டுதே அண்ணாச்சி. தேறுறது கஷ்டம் போலருக்கு."

வீட்டுக்காரி அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். பிறகுதான் அந்தப் பெண் குனிந்து இலையைத் தொட்டாள். விரலெல்லாம் வெள்ளை.

"என்னத்தப் பூசுனீக?"

"திருநீறு தாயி. கண்ணு படக்கூடாதுன்னு..."

"ஏங்க, ஒங்க நெத்தி பத்தாதுன்னு சோளத்துக்கும் பட்டை போட்டு விட்டீகளாக்கும்?" என்றாள் வீட்டுக்காரி.

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். "இது எலைப் பச்சைய மறைச்சிருது. கழுவிருவமா அண்ணாச்சி? சாமி கோவிச்சுக்காதுல்ல?"

வீட்டுக்காரி குடத்தை எடுத்தபடி, "கோவிக்காது. அவருக்கே தெனமும் அபிசேகம் நடக்குது" என்றாள்.

மூன்று பேரும் தண்ணீர் ஊற்றிக் கழுவினோம். இலை காயும்வரை காத்திருந்து, அந்தப் பெண் மறுபடி பிடித்தாள். எண் ஏறியது. மேற்கு ஓரத்தில் மட்டும்தான் குறைவாகக் காட்டியது. "அங்கன மட்டும் யூரியா போடுங்க, இந்த மழ ஈரத்துலயே. மத்ததுக்குப் பசியில்ல" என்றாள். வீட்டுக்காரியே போய்த் தூவினாள்.

கம்பெனி திறந்த அன்று வேன் வந்து ஹாரன் அடித்தது. மேற்கு ஓரமும் பச்சை பிடித்திருந்தது. அவள் ஒரு தடவை பயிரைப் பார்த்தாள். "இந்த சீசனுக்கு நான் வரலப்பா, நீங்க போங்க" என்று கையை ஆட்டினாள்.

படிக்கிறவர்கள் யாரிடமாவது சொல்வதானால் நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள். திருநீறு பயிரைக் கெடுத்தது என்றோ, மிஷின் சாமியை ஜெயித்தது என்றோ ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லிவிடாதீர்கள்.