சேற்றுப் பூதத்தின் முடிவு

எங்கள் பக்கத்தில் ஒருவனைக் கொன்றாலும் "முடிச்சாச்சு" என்பார்கள்; அவன் கலியாணம் செய்தாலும் "முடிச்சாச்சு" என்பார்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை என்று அப்பா, அம்மாவின் காதுபடவே சொல்லுவார். எட்டு வயதில் என் மனதில் நின்றது முதல் பொருள்தான். அதற்குக் காரணம் ஒரு படம்.

சின்ன மாமா என்னைத் திருகோணமலைக்கு மெட்னி பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார். ஏதோ இங்கிலீசுப் படம். சதுப்பிலிருந்து ஒரு பூதம் எழும்பி வந்து ஆட்களை இழுத்துக்கொண்டு போகும். இன்று நினைத்தால் சிரிப்புத்தான். யாரோ ஒரு மனிதனுக்கு றப்பர் உறையை மாட்டிப் பாசியை ஒட்டிவிட்டிருந்தார்கள். நடக்க நடக்க முழங்காலில் உறை சுருங்கியது. அன்றைக்கு நான் எங்கே சிரித்தேன்? கடைசிக் கட்டத்தில் மாமாவின் சேட்டில் முகத்தைப் புதைத்தவள், லைற் போட்ட பிறகுதான் நிமிர்ந்தேன்.

முன்வரிசையில், எங்கள் பள்ளிக்கூடத்துக்கு அந்தத் தவணைதான் மாற்றலாகி வந்த தையல் டீச்சர் தன் தாயோடு இருந்தார். அது யார் என்று மாமா கேட்டார், சொன்னேன். டீச்சரும் இரண்டு மூன்று தரம் பின்னால் திரும்பிப் பார்த்தார். பாவம், அவருக்கும் பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

பூதம் செத்ததா, இல்லையா? எனக்கு அது தெரிந்தே ஆகவேண்டும். சாம்பல்தீவில் எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்குக் களப்புத் தண்ணீரோரத்துச் சேற்றைத் தாண்டித்தான் போகவேண்டும். மாமாவைக் கேட்டேன். நெருப்பு வைத்து முடிச்சாச்சு என்றார். மறுநாள் கேட்டால், வெடி வைத்து முடித்தார்களாம். பிறகு கேட்டால், தண்ணீரில் மூழ்கித் தாண்டு போனதாம். தண்ணீரில் கிடக்கிற பூதம் தண்ணீரில் தாழுமா? இந்த மனிதர் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு எதைத்தான் பார்த்தாரோ என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அழுதேன். அம்மா பூவரசங்கம்பை முறித்தார். பூதத்தைவிட அது கிட்ட இருந்ததால் ஓடினேன்.

நேரே தையல் டீச்சரிடம் போனேன்.

"டீச்சர், மாமா ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு கதை சொல்லுறார். நீங்கள் சொல்லுங்கோ. முடிச்சாச்சோ?"

டீச்சர் ஊசியில் நூல் கோர்ப்பதை நிறுத்தினார். மாமாவா கேட்டுவரச் சொன்னார் என்று மெல்லக் கேட்டார். மாமாவுக்கும் தெரியாது என்றேன். அதுதானே உண்மை! டீச்சர் ஊசியைத் துணியில் குத்தி வைத்தார்.

"இன்னும் முடிக்கேல்லை எண்டு போய்ச் சொல்லு."

பள்ளி விட்டதும் கண்ணை மூடிக்கொண்டு சேற்றோரம் ஓடிவந்து, முற்றத்தில் சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்த மாமாவைக் கட்டிப்பிடித்து அழுதேன்.

"மாமா, இன்னும் முடிக்கேல்லையாம். டீச்சர் உங்களிட்டைச் சொல்லச் சொன்னவ."

மாமா என்னைத் திரும்பவும் சொல்லச் சொன்னார். சொன்னேன். துணியை எறிந்துவிட்டு என்னைத் தூக்கிச் சுற்றினார். அடுத்த நாளிலிருந்து தலைக்கு எண்ணெய் வைத்து, வெள்ளைச் சேட்டுப் போட்டு, என்னைச் சைக்கிள் பாரில் இருத்திப் பள்ளிக்கூட வாசல்வரைக்கும் கொண்டுபோய் விட்டார். தங்கமான மனிதர். மருமகளை அந்தச் சேற்றில் தனியாக விடவே மாட்டார். பூதம் சாகவில்லை என்றதில் அவருக்கு அப்படி என்ன சந்தோஷம் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.