மழை நாளில் வேலை இல்லை

போதும். நாற்பது வருஷத்துக்குக் கிட்ட வாயை மூடிக்கொண்டு இருந்தாகிவிட்டது.

போன வாரம் நம் தோட்டத்து ஆட்கள் ஃபேஸ்புக் குரூப்பில் யாரோ கேட்டிருந்தார்கள்... பிழைக்கப் போனவர்களுக்கு பிரிட்டன் வசதியா, ஆஸ்திரேலியா வசதியா என்று. ஆளாளுக்கு எழுதினார்கள். நான் இரண்டு ஊருக்கும் போனதில்லை. ஆனால் இரண்டு ஊர் மழையும் வெயிலும் எனக்கு மனப்பாடம்.

நீல நிற ஏர் லெட்டர் ஞாபகம் இருக்கிறதா? அப்பா கையில் கொஞ்ச நேரம் இருந்தாலே அதில் ரப்பர் ஒட்டுப்பால் நாற்றம் ஏறிவிடும். மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் பிரிப்பேன்.

எழுபதுகளின் கடைசி. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், எங்கள் ரப்பர் தோட்டம். அண்ணன் இங்கிலாந்துக்கு நர்ஸ் வேலைக்குப் போய்விட்டார். அக்கா கல்யாணம் கட்டி ஆஸ்திரேலியா, பெர்த் போய்விட்டார். அம்மா அதற்கு முன்பே தவறிவிட்டார். லயத்து வீட்டில் நானும் அப்பாவும் மட்டும். வாரம் முழுக்க ஈப்போவில் ஃபார்ம் சிக்ஸ் படிப்பு, ஞாயிற்றுக்கிழமை கடிதம் படிப்பது... அப்படித்தான் போனது. அப்பாவுக்கு எழுத்து தெரியாது.

அண்ணன் எழுதுவார்... துவைத்த சாக்ஸ் மூன்று நாளாகியும் காயவில்லை, மத்தியானம் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது, தினமும் மழை. அக்கா எழுதுவார்... கொடியில் போட்ட துணி அரை மணியில் அப்பளமாகிவிடுகிறது, ஈ வாய்க்குள் போகிறது, கிறிஸ்மஸுக்கு மண்டை பிளக்கிற வெயில். அவரவர் கஷ்டத்தை மற்றவருக்குச் சொல்லச் சொல்லி இருவரும் எனக்கு எழுதுவார்கள். நடுவில் நான் தபால்காரன். நீ எப்படி இருக்கே என்று ஒரு வரி... எப்போதாவது, மூலையில், இடம் மிச்சம் இருந்தால்.

அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்பார். "மழ பேஞ்சா அங்க வேல இருக்குமா?"

கித்தா மரத்தில் பால் வெட்டியவர்களுக்குத் தெரியும். மரம் நனைந்தால் கத்தி வைக்க முடியாது. விடியற்காலை பெரட்டில் பேர் கூப்பிடும் முன்னே மழை பிடித்துவிட்டால், எல்லாரும் லயத்துக்குத் திரும்பவேண்டியதுதான். வேலை இல்லை, அன்றைய சம்பளம் இல்லை. முப்பது வருஷம் பால் வெட்டிய அப்பாவுக்கு மழை என்றால் அது மட்டும்தான்.

அந்த வருஷம் எனக்கும் இங்கிலாந்தில் நர்ஸ் படிக்க இடம் கிடைத்தது. விண்ணப்பப் பாரத்தில் அப்பாவின் கைநாட்டு வேண்டும்.

அப்பா பாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பெரியவனே தெனம் மழைங்கிறான். எத்தன நாளு வேலைக்குப் போறானோ. நீ எதுக்குடா அங்க?"

ஆஸ்பத்திரிக்குக் கூரை இருக்குப்பா, மழைக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல என்று எவ்வளவோ சொன்னேன். அவர் கேட்கவில்லை. பெரியவன் எழுதட்டும், அவன் வரச் சொன்னால் போ என்று முடித்துவிட்டார்.

அன்றைக்கே அண்ணனுக்கு எழுதினேன். பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. மழை பெய்தாலும் இங்கே வேலை நடக்கும், தம்பியை அனுப்புங்க... இந்த ஒரு வரி போதும், அப்பா பேருக்கு எழுதுங்க என்றேன்.

மூன்று வாரம். ஒவ்வொரு ஞாயிறும் பஸ்ஸை விட்டு இறங்கி நேராக, கடிதங்கள் வந்து சேரும் கிராணி ஆபீஸுக்குப் போவேன்.

கடிதம் வந்தது. அப்பா ரோக்கோ பற்றவைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தார். நான் முன்கூட்டியே படித்துப் பார்க்கவில்லை. அவ்வளவு நம்பிக்கை.

"அப்பா, இங்க மழ விட்டபாடில்ல. தம்பிக்கு இந்தக் குளிரு தாங்காது. அவன் உங்ககூடவே இருக்கட்டும். தங்கச்சியும் அதத்தான் எழுதியிருக்கு. உங்களப் பாத்துக்க ஒருத்தர் வேணும்லா."

மாற்றிப் படித்திருக்கலாம். 'தம்பியை அனுப்புங்க' என்று நானே சொல்லியிருந்தால் அப்பாவுக்கு எப்படித் தெரியும்? முதல் வரியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. அப்படியும் ஓர் எழுத்து விடாமல் படித்தேன். தோட்டத்து ஸ்கூலில் அப்படிப் பழக்கியிருந்தார்கள்.

"அவனே சொல்லிட்டான்லா," என்றார் அப்பா. எழுந்து கடைக்குப் போய் டின் சார்டின் வாங்கி வந்து, அவரே குழம்பு வைத்தார். வெங்காயம் நறுக்கும்போது ஏதோ பாட்டு முணுமுணுத்தார். அம்மா போனபிறகு அவர் பாடி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

மழைக்கதையை அவர் உண்மையிலேயே நம்பினாரா, இல்லை நான் போய்விடக் கூடாது என்பதற்கு அது ஒரு சாக்கா... கடைசிவரை நான் கேட்கவில்லை.

ஈப்போவில் கிளார்க் வேலையில் சேர்ந்தேன். எண்பதுகளில் அப்பா போனார். ஸ்னோ கொட்டுது, ஏர்போர்ட் மூடிக்கிடக்கு என்று அண்ணன் போன் பண்ணினார். அக்கா கருமாதிக்கு வந்தார். வந்ததும் வராததுமாக ஃபேனுக்கு அடியில் நின்றுகொண்டு, "எப்படித்தான் இந்தப் புழுக்கத்துல இருக்கியோ," என்றார்.

"பழகிருச்சுக்கா," என்றேன்.

இப்போது கித்தா மரங்கள் இல்லை, எல்லாம் செம்பனை. மூன்று பேருக்கும் ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. அண்ணன் கார் கண்ணாடியில் படிந்த பனியைப் படமெடுத்துப் போடுவார். அக்கா நாற்பது டிகிரி என்று ஸ்கிரீன்ஷாட் போடுவார். முன்பாவது நடுவில் நான் வேண்டியிருந்தது. இப்போது அவர்களே நேராகப் பேசிக்கொள்கிறார்கள். ஒருநாள் நானும் எழுதினேன், ஈப்போவில் சாயங்காலத்திலிருந்து நல்ல மழை என்று. இரண்டு நீல டிக் விழுந்தது. அவ்வளவுதான்.

பேர் போட்டு எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன். போட்டால் இரண்டு பேரும் போன் பண்ணி, அப்படியெல்லாம் இல்லடா தம்பி என்பார்கள். நானும் சரிண்ணே என்றுவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

தம்பியை நிறுத்திவிட்டுப் போன அண்ணன்கள் எங்கள் தோட்டத்தில் ஒன்றிரண்டு பேர் இல்லை, நிறையப் பேர். என் அண்ணனும் இந்தக் குரூப்பில்தான் இருக்கிறார். படித்துவிட்டு, யாரோ பாவம் என்று ஒரு லைக் போட்டாலும் போடுவார். போடட்டும்.

பேர் போடவில்லை.