என் பாட்டும் அவர்களுடைய இசைத்தட்டும்

எங்கள் குழுவின் முதல் இசைத்தட்டு போன மாதம் வெளிவந்தது. பழக்கத்தில் 'எங்கள்' என்று எழுதிவிட்டேன். அதில் என் குரல் இல்லை.

நான் பள்ளியில் கணக்கு டீச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பங்குக் கோயில் பாடகர் குழுவில் பாடுவேன். ஒரு கல்யாணத் திருப்பலியில் என் பாட்டைக் கேட்டுவிட்டு ஒருவர் தேடி வந்தார். பம்புசெட் தொழிற்சாலை வைத்திருக்கும் குடும்பத்துப் பையன், கிடார் வாசிப்பவர். அமெரிக்கக் கறுப்பின மக்களின் பழைய சோல் இசையை அதே தொனியில் தமிழில் செய்ய ஆசைப்பட்டார்.

"உங்க குரல்ல ஒரு கரகரப்பு இருக்குதுங்கக்கா. அதைத்தான் தேடிட்டிருந்தேன்" என்றார்.

தொழிற்சாலைக் குடோனில் ஆறு வருடம் பாடினோம். நானே சில பாட்டுகள் எழுதி மெட்டும் போட்டேன். அவற்றில் ஒன்றைத்தான் ஒரே பாட்டு கொண்ட அந்த முதல் இசைத்தட்டுக்குத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு நாள் சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்தார்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. அட்டையில படம் போடணுமாம். கம்பெனிக்காரங்க சின்ன வயசா கேக்கறாங்க. பாடறதுக்குப் பெங்களூர்ல ஒரு புள்ள இருக்குது."

அவருக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தேன். அவர் அதைக் குடித்து முடித்துவிட்டு, "ரெண்டாவது சரணத்துல அந்தப் புள்ளைக்கு மூச்சு பத்தமாட்டேங்குது. ஒருக்கா வந்து சொல்லிக் குடுத்துப்போடுங்க" என்றார்.

போனேன். பெருந்தன்மையால் அல்ல. இரண்டு குரலையும் அடுத்தடுத்துக் கேட்டால் மனம் மாறுவார்கள் என்று நினைத்தேன். நான் பாடியபோது ஒலிப்பதிவு அறையில் யாரும் அசையவில்லை. பிறகு அந்தப் பெண் பாடினாள். மூன்றாவது முறை, ஓரிடத்தில், என்னைவிட நன்றாகவே பாடினாள். யாருக்கும் மனம் மாறவில்லை.

கோவை ஆர்.எஸ்.புரத்தில் ஒரு காப்பிக் கடையில் வெளியீட்டு விழா. அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். பாடல், இசை என்ற இடத்தில் குழுவின் பெயர். என் பெயர் நன்றிப் பட்டியலில், ஸ்பீக்கர் கொடுத்தவருக்குக் கீழே.

"அடுத்து ஆல்பமுங்க. நீங்க பின்குரல் குடுக்கோணும்" என்றார் கிடார்க்காரர்.

"அதுல மூணு பாட்டு என்னுது தம்பி. மொதல்ல அதை அட்டையில போடுங்க."

"குழுன்னு ஆனதுக்கப்புறம் உங்குளுது எங்குளுதுன்னு என்னங்கக்கா?" என்று சிரித்தார். அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. தை மாதம் ஆல்பம் வருகிறதாம். மூன்று பாட்டும் பட்டியலில் இருக்கின்றன. வக்கீலைப் பார்க்கச் சொல்கிறார் கணவர். காட்டுவதற்கு என்னிடம் ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது.

போன வாரம் அந்தப் பெங்களூர்ப் பெண் போனில் செய்தி அனுப்பினாள். ஆல்பத்துக்கான உங்கள் பாட்டு ஒன்றில் 'பொழுதோட வாரேன்' என்று ஒரு வரி வருகிறதே, பொழுதோட என்றால் என்ன அக்கா என்று கேட்டிருந்தாள்.

எங்கள் பக்கத்தில் அதற்குச் சாயங்காலம் என்று அர்த்தம். ஆஸ்பத்திரியில் படுத்திருந்த அம்மாவிடம் அப்படிச் சொல்லிவிட்டுத்தான் பள்ளிக்குப் போனேன். மதியமே அம்மா போய்விட்டாள். அந்தப் பாட்டு அதைப் பற்றியது.

நான்கு நாள் பதில் போடவில்லை. ஐந்தாம் நாள், 'விடியற்காலை என்று அர்த்தம், சந்தோஷமாகப் பாடம்மா' என்று எழுதி அனுப்பினேன். அவள் நன்றி சொன்னாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனாலும் திருத்திச் சொல்ல மனம் வரவில்லை.