உங்க ஊர் லைன்

2006ஆம் வருஷம், ஆடி மாதத்து திங்கட்கிழமை ஒன்றில் மதிவதனியின் கம்ப்யூட்டரில் படம் வராமல் போனது. டிஸ்ப்ளேயைத் திறக்க முடியவில்லை என்ற ஒற்றை வரி மட்டும் வந்து நின்றது. மறுபடி முயன்றாள். மறுபடியும் அதே வரி.

அவள் கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை மண்டி வைத்து வேர்க்கடலை வியாபாரம் செய்த ராஜமாணிக்கத்தின் மூத்த மகள். வேலூரில் இன்ஜினியரிங் படித்துவிட்டு, சென்னையில் சிப் வடிவமைக்கும் கம்பெனி ஒன்றில் நாலைந்து வருஷம் வேலை பார்த்தவள். திருவண்ணாமலை கலெக்டர் ஆபீசில் வேலை செய்யும் இளவரசனைக் கட்டிக்கொண்டாள். குழந்தை பிறந்த பிறகு, வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன் என்று மேனேஜர் சகாதேவனோடு மல்லுக்கு நின்று அனுமதி வாங்கினாள். அந்தக் கம்பெனியில் அப்படி வாங்கியவள் அவள் ஒருத்திதான்.

செங்கம் ரோட்டில் மாடிப் போர்ஷன். வரைகிற சாஃப்ட்வேர் ஓடுவதெல்லாம் சென்னையிலிருக்கும் பெரிய மெஷினில். அதன் படம் மட்டும் இவள் திரைக்கு வரும். ஆபீசுக்கும் வீட்டுக்கும் நடுவே பாதுகாப்பாகப் பாதை போட்டுத் தர வி.பி.என். என்றொரு சாஃப்ட்வேரைக் கொடுத்திருந்தார்கள். எட்டு மாதமாக எல்லாம் ஒழுங்காக நடந்தது.

சகாதேவனுக்குப் போன் செய்தாள்.

"உங்க ஊர் லைன் அவ்ளோதாம்மா. நான் அப்பவே சொன்னேன்" என்றார் அவர்.

"லைன் நல்லாத்தான் சார் இருக்கு. மெயில் எல்லாம் வருது."

"மெயில் வரும்மா. படம்னா ஜாஸ்தி கனம். சின்ன ஊருல தாங்காது."

அந்த வாரம் முழுக்க அதே பதில்தான். தன் கம்ப்யூட்டரில் வெளியாட்களைத் தடுக்கப் போட்டிருந்த ஃபயர்வாலில் தேடினாள். படத்தை உள்ளே விடு என்று அதற்கு எப்போதோ சொல்லி வைத்திருந்தாள். அந்த அனுமதி அப்படியே இருந்தது. விண்டோஸையே அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டாள். பயனில்லை. வெள்ளிக்கிழமை சகாதேவன், "மெஷினைத் தூக்கிட்டு இங்க வா. இல்லன்னா வேற ஆளப் போட்டுக்கறேன்" என்றார்.

அவள் போனை ஓங்கி வைத்தாள்.

அடுத்த வாரம், பௌர்ணமிக்கு மறுநாள் கிளம்பினாள். கிரிவலம் முடித்துத் திரும்பும் கூட்டத்தில் சென்னை பஸ்சில் மூச்சுவிட இடமில்லை. மதிவதனி சி.பி.யூ. பெட்டியைப் பழைய போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போனாள். திண்டிவனம் தாண்டுவதற்குள் தொடை மரத்துவிட்டது.

ஆபீசில் பெட்டியை வைத்து, அங்கேயே இருந்த நெட்வொர்க்கில் சொருகினார்கள். படம் சட்டென்று வந்தது. சகாதேவன் சுற்றி நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தார்.

"பாத்தீங்களா? மெஷின் நல்லாருக்கு. லைன்தான் சரியில்ல. ஊர் பேரச் சொன்னா கோவம் மட்டும் வருது."

கேன்டீனில் கஸ்தூரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். போளூர்க்காரி, அதே டீமில் இருப்பவள். அப்பாவுக்கு உடம்பு முடியாததால் ஊரிலிருந்தே வேலை செய்யக் கேட்டிருந்தாள்.

"நேத்து முடியாதுன்னுட்டாரு மதி. உன்னைத்தான் உதாரணம் காட்டினாரு. மதிவதனி கதி தெரியுமில்லன்னாரு."

திரும்பி வருகிற பஸ்சில் மதிவதனி பெட்டியை மறுபடி மடியில் வைத்துக்கொண்டாள். 'கதியா? என் கதியா?' என்று உள்ளே கொதித்துக்கொண்டே இருந்தது. அந்தக் கொதிப்பிலேதான் ஒன்று பிடிபட்டது. ஆபீசில் அவளுடைய ஊர் லைன் மட்டுமா இல்லாமல் இருந்தது? வி.பி.என்.னும்தான் ஓடவில்லை. சகாதேவன் ஒன்றை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டு சிரித்திருக்கிறார்.

மறுநாள் குழந்தையை இளவரசனிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். வி.பி.என். வழியாகச் சென்னை மெஷினுக்குள் வெறும் எழுத்துத் திரையில் நுழைந்தாள், உடனே திறந்தது. ஒரு பெரிய ஃபைலை இழுத்தாள், தடங்கலில்லாமல் வந்தது. ஆக, லைனில் குறையில்லை. எழுத்துத் திரை இவள் கூப்பிட்டு அங்கே திறப்பது. படம் அப்படியில்லை, சென்னை மெஷின் கூப்பிட்டு இவளிடம் திறக்க வேண்டியது. அங்கிருந்து தன் கம்ப்யூட்டரைக் கூப்பிட்டுப் பார்த்தாள். பதிலே இல்லை. தன் ஃபயர்வாலை அடியோடு நிறுத்திவிட்டுக் கூப்பிட்டாள். அப்போதும் இல்லை.

அப்படியென்றால் இன்னொரு காவல் எங்கோ இருக்கிறது. திரையின் மூலையில் இருந்த வி.பி.என்.னின் சின்னப் பூட்டுப் படத்தை க்ளிக் செய்தாள். விரிந்த வரிகளில் ஃபயர்வால் என்று ஒன்று. அதற்கு டிக் போட்டிருந்தது. எடுக்கப் போனால் எடுக்க முடியவில்லை. அந்தத் திங்கட்கிழமை காலை மாற்றிக்கொள்ளச் சொன்ன புது வெர்ஷனில், ஆபீசிலேயே பூட்டி அனுப்பியிருந்தார்கள்.

நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் தருமனைக் கூப்பிட்டாள்.

"இந்த வி.பி.என். புது வெர்ஷன்ல ஃபயர்வால் ஒண்ணு சேத்து வச்சிருக்கீங்களா?"

"ஆமா மேடம். கனெக்ட் ஆனா தானா ஆன் ஆயிடும். வெளியிலிருந்து எது கூப்பிட்டாலும் தடுத்துடும். செக்யூரிட்டிக்காகப் போட்டோம்."

"வெளியில இருந்து வேலை செய்யறது நான் ஒருத்திதானே? எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சகாதேவன் சார்கிட்ட அந்தத் திங்கக்கிழமையே சொன்னேன் மேடம். அதனாலயும் இருக்கலாம், பாக்கட்டுமான்னேன். வேணாம், அவங்க ஊர் லைன்தான்னுட்டாரு."

"இப்பவே எடுத்து விடுங்க" என்றாள் மதிவதனி. தருமன் அவளுக்கு மட்டும் அந்தக் காவலைத் தளர்த்தினான். படம் வந்தது. அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை. சகாதேவனுக்குப் போன் போட்டாள்.

"வந்துடுச்சா? சரி, விடும்மா. வேலையப் பாரு."

"விட முடியாது சார். லைன்ல குத்தமில்லன்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சேதான் பெட்டியத் தூக்கிட்டு வரச் சொன்னீங்க. தெரிஞ்சேதான் கஸ்தூரிக்கு முடியாதுன்னீங்க. அத்தனை பேர் முன்னால சிரிச்சீங்கல்ல, இப்ப ஸ்பீக்கர்ல போடுங்க. அத்தனை பேர் முன்னால சொல்லுங்க."

"குரலைக் கொறச்சுப் பேசு."

"நான் ஒசத்தவே இல்ல சார்."

அவர் போனை வைத்துவிட்டார். அவள் கஸ்தூரியின் மேஜைப் போனுக்கு அடித்து எல்லாவற்றையும் சொன்னாள். சாயந்தரத்துக்குள் ஆபீஸ் முழுக்கத் தெரிந்துவிட்டது. சகாதேவனிடமிருந்து ஒரு வார்த்தைகூட வரவில்லை. கஸ்தூரி மறுபடி கேட்டதற்கு, பார்க்கலாம் என்றார், பார்க்கவேயில்லை. கார்த்திகை தீபத்துக்கு முன்னாலேயே கஸ்தூரி வேலையை விட்டுவிட்டு ஆரணிப் பக்கம் ஒரு காலேஜில் சேர்ந்தாள்.

"அதான் அவளுக்கு வேற வேலை கெடச்சிடுச்சில்ல, இன்னும் எதுக்கு மனசுல வச்சிக்கினு?" என்றான் இளவரசன்.

"ஒரு பொண்ணு வேலை போச்சுங்க. என் பேரச் சொல்லிப் போச்சு. அதை எங்க கொண்டு வைக்கறது?"

அவன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான்.

மதிவதனி அங்கே மேலும் இரண்டு வருஷம் இருந்தாள். வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. வேறு கம்பெனி கிடைத்து விலகிய அன்று சகாதேவன் போன் செய்து வாழ்த்தினார்.

"கஸ்தூரிக்கு ஒரு போன் போட்டீங்களா சார்?" என்றாள்.

"அதெல்லாம் பழைய கதம்மா."

அவள் போனை வைத்துவிட்டு, மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவரக் கிளம்பினாள்.